ஏழாவது டேக்

அன்றைக்கு நான் அரசன் பக்கம்.
ரெக்ஸின் கவசம், அட்டைத் தொப்பி,
வெள்ளித்தாள் ஒட்டிய மூங்கில் ஈட்டி.
சாலிகிராமத்தில் ஒரு தளத்துக்குள்
பிளைவுட்டில் கோட்டை எழுப்பியிருந்தார்கள்.
தட்டினால் தகரடப்பா மாதிரி பேசும்.

மக்கள் நூற்றிருபது பேர்.
விடிகாலை நாலரைக்கு
வடபழனி டீக்கடையோரம் டெம்போவில் ஏறியவர்கள்.
கந்தல் உடை, கன்னத்தில் கரி.
லோகநாயகி கையில் ரப்பர் குழந்தை.
பஞ்சத்தில் செத்தது என்று
உதவி இயக்குநர் சொல்லிக்கொடுத்திருந்தான்.

ஓடி வரவேண்டும். கதவை மோதவேண்டும்.
நாங்கள் பன்னிரண்டு பேர் தடுத்துத் தோற்கவேண்டும்.
அதற்குப் பிறகு அரசர்
மெதுவாகத் திரும்பிப் பார்ப்பார்.
காட்சி அவ்வளவுதான்.

"கோபம் பத்தல" என்றது மைக்.
"பசியில வர்ற கோபம்மா, பசி!"

மணி மூன்றரை.
சாப்பாட்டு வண்டி வந்து நின்று
சாம்பார் ஆடை கட்டியிருந்தது.
நேற்றைய பேட்டாவில் ஆளுக்கு நூறு குறைந்திருந்தது.
பெண்கள் கழிப்பறைச் சாவி மேனேஜர் பையில்,
மேனேஜர் பாண்டி பஜாரில்.

ஆறாவது டேக் முடிந்ததும்
லோகநாயகி ரப்பர் குழந்தையை
ஒருக்களித்தாற்போல் தரையில் கிடத்தினாள்,
நிஜக் குழந்தையைக் கிடத்துகிற பக்குவத்தோடு.
பிறகு தானும் உட்கார்ந்தாள்.
முழக்கம் எதுவும் இல்லை.
முட்டி வலிக்குது என்றுதான் சொன்னாள்.

பக்கத்தில் டில்லிபாபு உட்கார்ந்தான்.
அப்புறம் மும்தாஜ் அக்கா.
மொட்டைமாடியில் மழை பிடிக்கிற மாதிரி
முதலில் புள்ளி புள்ளியாக,
பிறகு புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவே
காய்ந்த இடமே இல்லாமல்.

"காவலருங்கல்லாம் என்ன வேடிக்கை பாக்கறீங்க,
எழுப்புங்க அவங்கள!"
அது வசனத்தாளில் இல்லாத கட்டளை.

ஜெரால்டு என்னைப் பார்த்தான்.
நான் ஈட்டியைப் பார்த்தேன்.
எனக்கும் நூறு குறைந்திருந்தது.
கோட்டைக்கு உள்ளே நிற்பவனுக்கும்
வெளியே நிற்பவளுக்கும் ஒரே பேட்டா.
பதினாறு ராஜா கதைகளில் ஈட்டி பிடித்திருக்கிறேன்,
எதிலும் யாரும் இதை எழுதிக் கொடுத்ததில்லை.

வீரமெல்லாம் கிடையாது.
ஈட்டியைக் கோட்டைச் சுவரில் சாய்த்தேன்.
டொக் என்றது பிளைவுட்.
கொஞ்சம் பொறுத்து இன்னொரு டொக்.
அப்புறம் எண்ணவில்லை.

அரியணையில் அரசர் மட்டும் இருந்தார்.
மின்விசிறி பிடிக்கிற பையனும்
சோற்று வரிசைக்குப் போய்விட்டான்.
கிரீடத்தின் பொன்வண்ணம்
வேர்வையோடு புருவத்தில் இறங்கியது.
"யாராவது இருக்கீங்களா?" என்றார்.
நல்ல குரல் அவருக்கு.
அன்று முழுக்க
அவர் நடிக்காத ஒரே வரி அது.

ஏழு மணிக்குச் சாவி வந்தது.
பணமும் வந்தது, நூறில்லை, எழுபது.
ஏழாவது டேக் ஒரே மூச்சில் ஓகே.
"இதான்யா கோபம்!" என்று மைக் குதித்தது.
வயிறு நிறைந்திருந்தது எங்களுக்கு.
தோற்கும்போது சிரித்துவிடாமல் இருக்க
ஜெரால்டு உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தான்.

அதற்குப் பிறகு எட்டு மாதம்
லோகநாயகிக்கு ஏஜென்டின் போன் வரவில்லை.
கோயம்பேட்டில் வெங்காயம் தரம் பிரித்தாள்.
எழுபது ரூபாய் வாங்கிய நாங்கள்
ஏன் என்று போய்க் கேட்கவில்லை.
இதையும் எழுதத்தான் வேண்டும்.

படம் வந்தது.
கம்ப்யூட்டரில் எங்களைப்
பத்தாயிரம் பேராகப் பெருக்கியிருந்தார்கள்.
முரசு அதிர்கிறது, கோட்டை கல்லாய்ப் பிளக்கிறது,
அரசர் மெதுவாகத் திரும்பிப் பார்க்கிறார்.
தியேட்டரில் விசில்.

நான் இடது ஓரத்தைப் பார்த்தேன்.
ஒருத்தி ஓடி வருகிறாள், வெறுங்கையோடு.
கிடத்திய குழந்தையை எடுக்க மறந்திருக்கிறாள்.
யாரும் கவனிக்காமல்
அவளையும் சேர்த்தே பிரதி எடுத்திருக்கிறார்கள்.
மதிலடியில் அவள், அகழியோரம் அவள்,
புழுதிக்குள் மறுபடியும் அவள்,
எல்லா இடத்திலும் அதே வெறுங்கை.

எண்ண ஆரம்பித்தேன்.
நாற்பத்தொன்று வரும்போது
கோட்டை விழுந்துவிட்டது.